தொண்டைநாட்டில் வில்வேட்டத்தின் தொடக்கப் பயிற்சி

தமிழர்தம் வில்லாண்மை பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வல்வில் ஓரியிடமே தொடங்குவர். புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் காட்சி அனைவரும் அறிந்ததே. யானையை வீழ்த்திய கணை அவ்வளவில் நில்லாது, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தங்குகின்றது. ஒரு கணை, ஐந்து விலங்கு. கொல்லித் தலைவனின் ஆற்றலைப் புகழும் பாட்டு என்ற அளவில் இதற்கு ஒரு குறையுமில்லை. ஆயின், பண்டைத் தமிழகத்தில் ஒருவன் வில்லேந்தி வேட்டம் புகக் கற்றது எவ்வாறு, முதலில் எதனை எய்தான், எங்கு நின்று எய்தான் என்று வினவுவார்க்கு இப்பாட்டு விடை தாராது. புகழ்ச்சியைப் பயிற்சிக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம் ஆராய்ச்சி நூல்களில் நெடுநாளாக வேரூன்றிவிட்டது. யாமும் அவ்வழக்கிற்கு விலக்கல்லேம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெருவேட்டத்தை உயர்த்தியும் சிறுவேட்டத்தைத் தாழ்த்தியும் பேசுதல் நம் இலக்கிய மரபு. முயலை எய்து வீழ்த்திய அம்பினும் யானைக்கு எறிந்து தப்பிய வேலே ஏந்துதற்கு இனிது என்னும் கருத்தைத் திருக்குறள் 772இல் காண்கின்றோம். யானை வேட்டம் மேற்கொண்டோன் யானையைப் பெறுதலும் கூடும், குறும்பூழ் வேட்டம் சென்றோன் வறுங்கையனாய் மீளுதலும் கூடும் என்று கோப்பெருஞ்சோழன் புறநானூறு 214இல் கூறுவதும் இவ்வகையினதே. இவையெல்லாம் ஊக்கமுடைமையை உணர்த்த வந்த உவமைகள். வேட்டுவன் இவற்றைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பான். ஏனெனின் அவன் மனையோர் பசியை ஆற்றியவை பெரும்பாலும் முயலும் எலியும் குறும்பூழுமே.

ஆகவே, புகழ்ப்பாட்டுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, வேட்டம் பழகுவோனை நேரே காட்டும் மூன்று பகுதிகளை இங்கு ஆராய்வாம். முதலாவது புறநானூற்று 324ஆம் பாட்டு. இரண்டாவது பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டம் கூறும் பகுதி. மூன்றாவது பெரியபுராணத்துக் கண்ணப்ப நாயனார் வரலாறு. பின்னைய இரண்டும் தொண்டைநாட்டோடு தொடர்புடையன. ஒன்று காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. மற்றொன்று தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பாடியது. மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கின், விற்பயிற்சி என்பது குறி தவறாமையினும் அணுகுதலையும் காத்திருத்தலையும் விலக்குதலையுமே மிகுதியாகக் கற்பித்தது என்பது புலனாகும்.

முள்ளம்பும் வலார் வில்லும்

ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 324ஆம் பாட்டின் தொடக்கத்தில் வேட்டுவர் வீட்டுச் சிறுவர் சிலர் வருகின்றனர். காட்டுப்பூனையின் ஆணைப் போன்ற மருண்ட பார்வையுடையர். பறவை ஊன் தின்று புலால் நாறும் வாயினர். உடைமரத்தின் வெண்முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் செருகி அம்பு செய்கின்றனர். வலார் எனப்படும் வளையும் சிறுகோலை வளைத்து வில் ஆக்குகின்றனர். பருத்திச்செடி வேலியாக அமைந்த கொல்லைப்புறத்தில் கருப்பை என்னும் எலியின் வரவை எதிர்நோக்கி இருக்கின்றனர்.

இதனை விளையாட்டு என்று எளிதிற் கடந்துவிடுதல் பொருந்தாது. புலவர் முள்ளுக்குக் கொடுத்த அடையை நோக்குக. சுரையுடைய முள் என்கின்றார். அஃதாவது உள்ளே புழையுடைய முள். புழையுள்ள அடிப்பகுதியில் புல்லின் தண்டு தானே பொருந்தி நிற்கும். பிசினும் வேண்டா, நாரும் வேண்டா. இரும்பு அம்புத்தலையில் காம்பு செருகும் குழையைக் கொல்லர் எவ்வாறு அமைத்தனரோ அவ்வாறே இம்முள்ளில் இயற்கை அமைத்து வைத்துள்ளது. சிறுவன் அம்பின் உறுப்புகளைத் தன் கையாலேயே கூட்டிக் கற்கின்றான். புல்லின் தண்டு எடையற்றது. சிறிது தொலைவிற்கு அப்பால் செல்லாது. ஆதலின் எலி வளையைவிட்டு வெளிவரும் வரையில் வேலியோரத்தில் அசையாது இருந்தே தீரவேண்டும். பாட்டில் சிறுவர் எய்தனர் என்று புலவர் கூறவில்லை; பார்த்திருந்தனர் என்றே கூறுகின்றார். வேட்டத்தின் முதற்பாடம் அதுவேயாம்.

உண்டைவில் என்னும் மற்றொரு தொடக்கக் கருவியும் நம் நாட்டில் இருந்தது. நாணின் நடுவே சிறு தட்டமைத்து மண்ணுருண்டையை எய்யும் வில் அது. இளமையில் இராமன் கூனியின் முதுகில் உண்டையெய்த செய்தியைக் கம்பர் கையாண்டுள்ளமை யாவரும் அறிவர். இன்று சிறுவர் கைக்கொள்ளும் கவைக்கோலும் இரப்பர்ப் பட்டையும் சேர்ந்த கருவிக்கு உண்டிவில் என்ற பெயர் வழங்குவதைக் காண, கருவி மாறினும் பெயர் மாறாமை விளங்கும்.

குழியும் இருளும்

இனிப் பெரும்பாணாற்றுப்படைக்கு வருவாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல், பாணன் செல்லும் வழியெல்லாம் அவன் எதிர்ப்படும் மக்களின் தொழிலையும் உணவையும் விரித்துரைப்பது. எயினர் வாழும் வறண்ட நிலத்தில் எயிற்றியர் இரும்பு முனையுடைய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர். அதனை அடுத்து ஆடவர் வேட்டம் கூறப்படுகின்றது. மழை பொய்த்த காலம். மான் அடிச்சுவடு பதிந்த வழிகள். நீர் வேண்டி அகழ்ந்த பள்ளத்தைச் சூழக் குழிகள். அக்குழிகளுள் எயினர் ஒளித்து ஒடுங்கிப் பன்றியின் வரவு பார்த்து நள்ளிரவில் காத்திருக்கின்றனர். அவ்விரவு வேட்டம் வாய்க்காதாயின், மறுநாட் பகலில் நாய்களொடு சென்று புதர்களை அடித்து, வேலியாக வலை மாட்டி, முயலை வளைத்துப் பிடிக்கின்றனர்.

இப்பகுதியை யாம் முதுகலை மாணவர்க்குப் பல்லாண்டுகள் பிழைபடக் கற்பித்து வந்தோம் என்பதை இங்கு ஒளியாது கூறவேண்டும். பயம்பு என்னும் சொல் யானை விழும் குழிக்கும் சங்க நூல்களில் வழங்குவது. அந்நினைவால், இங்கும் விலங்கு வீழ்தற்கென அகழ்ந்த பொய்க்குழியே குறிக்கப்பட்டது என்று கொண்டோம். ஒளித்து ஒடுங்குவோர் எயினர் என்பது மூலத்திலேயே தெளிவாக இருக்க, அதனைக் குழிக்கு அருகில் ஒளிந்திருந்தனர் என்று நலிந்து பொருள் கூறி வந்தோம். நெமிலிப் பக்கத்திலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பில் எழுந்து, தம் பாட்டனார் மல்லாட்டைக் கொல்லையைப் பன்றியிடமிருந்து காக்க ஏரிக்கரையின் கீழ்க் குழி பறித்து அதனுள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார் என்றும், குழி பன்றிக்கன்று, ஆளுக்கே என்றும் கூறினார். வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்பது வட ஆர்க்காட்டு வழக்கு. வகுப்பில் சிறிது சிரிப்பு எழுந்தது. சிரிப்பிற்கு உரியவர் அம்மாணவர் அல்லர்.

குழியுள் இருப்பதன் பயன் யாது என்று அவரையே வினவினோம். அவர் கூறிய விடை எந்த உரையிலும் யாம் காணாதது. தரைமேல் நிற்பவனுக்கு இருளில் விலங்கு மண்ணோடு மண்ணாய்க் கலந்து தோன்றும். குழியுள் தாழ இருப்பவனுக்கு அது விண்மீன் ஒளியில் வானத்தின்மேல் எழுதிய கருநிழல் போல் எழும். விலங்கோ தன் கண்மட்டத்தில் ஆளுருவம் எதனையும் காணாது. இவ்விளக்கத்தைக் கேட்டபின் மூலத்தை மீண்டும் நோக்க, புலவர் பன்றியின் கொம்பிற்குக் கூறிய உவமையும் புதுப்பொருள் தந்தது. புகழப்படாத வாகையின் பூப்போன்ற வளைந்த மருப்பு என்கின்றார் புலவர். புகழா வாகை என்பதற்கு அகத்தி என்று உரை கண்டனர் பழையோர். வளைந்த வெள்ளிய அகத்திப்பூ. நள்ளிரவில் குழியுள் இருப்பவன் கண்ணுக்குக் கரிய பன்றியின் உடலில் முதலிற் புலப்படுவது அவ்வெண்மையே அன்றோ? உவமை அழகிற்காக மட்டும் அமைந்ததன்று. குழியுள் இருந்தோன் கண்ட காட்சி அது என்றே யாம் கருதுகின்றோம்.

நீர்ப்பள்ளத்தைச் சூழப் பல குழிகள் இருந்தமைக்கும் காரணம் கூறலாம். பன்றிக்குப் பார்வை குறைவு, மோப்பம் மிகுதி. காற்று ஆளிருக்கும் பக்கத்திலிருந்து விலங்கை நோக்கி வீசின் அன்றைய வேட்டம் முடிந்தது. ஆதலின் அன்றன்று காற்று வரும் திசை பார்த்து ஏற்ற குழியைத் தேர்ந்து புக வேண்டும். இது மூலத்தில் வெளிப்படக் கூறப்பட்டதன்று. சூழ்ந்த குழிகள் என்பதைக்கொண்டு யாம் உய்த்துணர்ந்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இவ்வடிகளில் எயினர் கையில் இருந்த படைக்கலம் இன்னதெனக் கூறப்படவில்லை. சில அடிகள் கழித்து எயினர் அரணைக் கூறுங்கால் கொடுவில் என்ற அடை வருகின்றது. கொடு என்பது வளைவைக் குறிக்கும், அளவைக் குறிப்பதன்று. எனினும், குழியுள் முழந்தாளிட்டு நெடிய வில்லை வளைத்தல் அரிது; கீழ்க்குதை மண்ணில் முட்டும். குழியுள் இருந்து எய்தனராயின் வில் குறியதாகவே இருந்திருத்தல் வேண்டும். வில்லின் நாண் மரல் நாரால் ஆனதாகலாம். வறண்ட புதர்க்காடுகளில் தானே வளரும் மரலின் நார் நம் நாட்டில் நெடுங்காலம் விற்களுக்கு நாணாகப் பயன்பட்டது.

குறிய வில் குறைந்த தொலைவையே வேண்டுவது. அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதன்று. குருதியை வடித்துக் கொல்வது. அதனால் உயிர்நிலை தெரியும் அளவு அண்மையில் எய்ய வேண்டும். எய்தபின் விலங்கு ஓடிச்சென்ற குருதிச் சுவட்டைப் பற்றிப் பொறுமையோடு செல்லவும் வேண்டும். இவ்வுண்மை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யாகி என்னும் பழங்குடியின் இறுதி மகனாகக் கருதப்பட்ட இசி என்பார் 1911இல் வெளியுலகிற்கு வந்தார். அவரிடம் வில்வேட்டம் கற்ற சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் 1923இல் வில்வேட்டம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எய்யும் திறத்தினும், உடல்மணம் நீக்குதல், மறைந்திருத்தல், விலங்கை ஒலியால் அழைத்தல், அண்மைக்கு வரும்வரை கையை அடக்குதல் ஆகியவற்றையே இசி பெரிதாக மதித்தார் என்பது அந்நூலால் தெரிகின்றது. ஆங்கில நாட்டு ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட வில்நூல் இலக்கு நோக்கி எய்வதைக் கற்பிப்பது. இசியின் கல்வியோ எயினர் கல்விக்கு இனமானது.

இங்கு ஒரு சொல் பற்றிச் சிறிது விலகிச் செல்ல ஒப்புக. பகல் வேட்டத்தில் எயினர் உடன்கொண்ட நாயைப் பெரும்பாணாற்றுப்படை ஞமலி என்கின்றது. இச்சொல்லுக்கு நாய் என்பதனோடு மயில் என்ற பொருளும் உண்டு. தெலுங்கில் மயிலுக்கு நெமலி என்பது பெயர். அரக்கோணத்திற்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட நிலத்தில், முன்னாள் வேலூர் மாவட்டத்தில் இருந்து 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்துள்ள நெமிலி என்னும் ஊர்ப்பெயரைக் காணுந்தோறும் இச்சொற்கள் நினைவிற்கு வருகின்றன. ஊர்ப்பெயர் மயிலாலே வந்தது என்று துணிய யாம் முற்படவில்லை. நாயால் வந்தது என்று கூறின் அவ்வூரார் எம்மை ஊர்க்குள் விடார்.

கன்னி வேட்டம்

பெரியபுராணம் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அஃதாவது 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுந்தது. திண்ணனார் பிறந்த பொத்தப்பி நாடு தொண்டைமண்டலத்திற்கு வடபால் உள்ளது; இன்று ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. ஆயின் வேட்டக் காட்சிகளைத் தீட்டிய சேக்கிழார் தொண்டைநாட்டவர். காளத்தி வழிபாடு பற்றிய பகுதியை எல்லாரும் விரித்துரைப்பர். அதற்கு முன்னுள்ள விற்பயிற்சிப் பகுதி உரிய கவனத்தைப் பெறவில்லை.

தந்தை நாகன் மகனுக்கு வில்பிடிக்கும் நன்னாளைக் குறித்து வேடர்க்கெல்லாம் அறிவிக்கின்றான். விழா நிகழ்கின்றது. புலி நரம்பினால் செய்த காப்பைத் திண்ணனாரின் முன்கையில் சேர்க்கின்றனர். இதனைச் சடங்கு என்றே உரையாளர் கொள்வர், சடங்கேயாம். ஆயினும் வில் பழகுவோன் முன்கை நாண் அடிபட்டுக் கன்றும் இடம் என்பதை மறத்தலாகாது. வில்லிகள் முன்கையிலும் விரலிலும் தோலுறை அணிந்தமையைக் கோதை, புட்டில் முதலிய சொற்கள் காட்டுகின்றன. தொழிலின் நோவு நிகழும் இடத்திலேயே சடங்கின் காப்பும் கட்டப்படுவது தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை. (தோல் பதப்படுத்தும் தொழிலால் இன்று பெயர்பெற்ற பாலாற்றுப் பகுதியில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் முறை நெடுங்காலம் வழங்கியது. வில்லியின் கைத்தோல் எப்பட்டையால் பதம் பெற்றது என்பதைத் தனியே ஆராய்தல் தகும்.)

பதினாறு ஆண்டு நிரம்பிய பின்னரே திண்ணனார் முதல் வேட்டத்திற்குச் செல்கின்றார். அதற்கு உரிய காரணமும் கூறப்பட்டுள்ளது. நாகன் முதுமையுற்று வேட்டம் செல்லாமையால் விலங்குகள் மிகுந்து புனங்களை அழிக்கின்றன, வேடர் முறையிடுகின்றனர். ஆகவே கன்னி வேட்டம் என்பது வெறும் வீரவிளையாட்டன்று, பயிர்காவல். ஏரிக்கரைக் குழியில் மல்லாட்டையைக் காத்திருந்த முதியவருக்கும் திண்ணனாருக்கும் நோக்கம் ஒன்றே.

அவ்வேட்டத்தில் வேடர் கைக்கொண்ட விலக்குகளைச் சேக்கிழார் எடுத்துரைக்கின்றார். யானைக் கன்றைத் தொடர்தல் இல்லை. சிறு குருளைகளைக் கொல்லுதல் இல்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண்விலங்கை அலைத்தல் இல்லை. நாயனார் வரலாறு ஆதலின் அருள் தோன்றப் புலவர் ஏற்றிக் கூறினார் என்று ஒரு சாரார் கருதுவர். எமக்கு அஃது உடன்பாடன்று. விலக்குகளை மேற்கொள்வோர் திண்ணனார் ஒருவர் அல்லர். வேட்டுவர் கூட்டம் முழுவதும். அவர்கள் அன்பர் என்று புலவர் எங்கும் காட்டவில்லை. அடுத்த ஆண்டும் வேட்டம் வேண்டுவோர் கன்றையும் கருவையும் விட்டுவைத்தனர் என்பதே இயல்பான விளக்கம். வேட்டுவரைக் கொலைத்தொழிலர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கும் நம் நூலுரைகள் இப்பாட்டை மறுமுறை படித்தல் நன்று.

இனி, வலையைத் தப்பி ஓடிய பன்றியை நாணனும் காடனும் உடன்வரத் திண்ணனார் நெடுந்தொலைவு துரத்துகின்றார். இளைத்து மரநிழலில் நின்ற அதனைக் கணையால் கொல்ல அவர் கருதவில்லை. விரைந்து நெருங்கிச் சுரிகையை உருவிக் குத்துகின்றார். வில்விழாக் கொண்டாடி வில் பயின்றவன் முதல் வேட்டத்தின் முடிவில் வில்லைப் பயன்படுத்தவில்லை என்பது வியப்பை விளைக்கும். மறத்தின் மிகுதி என்பர் உரைகாரர். நடுகற்களை நோக்கின் வேறொரு விளக்கம் தோன்றும். முன்னாள் வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அவற்றில் வீரர் பலர் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கின்றனர். அவை பெரும்பாலும் ஆகோள் பூசலில் பட்டோர்க்கு எடுத்தவை. வேட்டத்திற்கு உரியன அல்ல. எனினும் வில் தொலைவிற்கும் குறுவாள் முடிவிற்கும் என இரண்டும் ஒருவன் கையில் ஒருங்கே இருந்தமை அவற்றால் உறுதிப்படும். பன்றியோடு பொருது மாண்டோர்க்கு எடுத்த கற்கள் பன்றிகுத்திக்கல் என்றே பெயர் பெற்றன. பன்றி எய்த கல் என்னும் பெயரை யாம் கேட்டதில்லை. புண்பட்ட பன்றி திரும்பிப் பாயும் இயல்பினது. தரையில் நிற்கும் வில்லிக்கு இரண்டாம் கணை தொடுக்கப் பொழுது கிடையாது. அப்பொழுது துணையாவன சுரிகையும் நாயுமே. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தி என்பானோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பொறித்து வைத்துள்ளது.

இவ்வறிவு பின்னாளில் என்னாயிற்று என்பதைச் சுருக்கமாகக் கூறுவாம். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் ஒதுக்குக் காடுகளில் வேட்டத்தைக் கட்டுப்படுத்தியது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்பின், வில்லாலாயினும் வேறெதனாலாயினும் காட்டுவிலங்கை வேட்டையாடுதல் குற்றமாயிற்று. விலங்கினம் அருகிவிட்ட நிலையில் அச்சட்டம் வேண்டுவதே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் சுவடு பார்க்கும் கண்ணையும் வளை அறியும் கையையும் அன்றி வேறு உடைமை இல்லாதார்க்கு அதனால் வந்த இழப்பு பெரிது. வட தமிழகத்து இருளர் எலிவளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்த நெல்லையும் எடுப்பவர். பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்ட பின்னர், 1978இல் வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்தம் திறனை நஞ்சுமுறி மருந்திற்கு வேண்டும் நஞ்சு எடுக்கும் பணியில் செலுத்தியது. அவ்வினத்தவராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். எயினரின் வழித்தோன்றல்கள் இருளர் என்று கூற யாம் துணியோம்; அதற்குச் சான்றில்லை. புல்லரிசி கிளறிய எயிற்றியர் கோலையும் எலிவளை தோண்டும் இருளர் கோலையும் அருகருகே வைத்துப் பார்க்க மட்டும் வேண்டுகின்றோம்.

பிழையை உணர்ந்த பின், அம்மாணவரோடு நெமிலிப் பக்கத்து அவ்வூருக்கு ஒருமுறை சென்றோம். பாட்டனார் மறைந்து ஆண்டுகள் பல கழிந்திருந்தன. ஏரிக்கரையின் கீழ்க் குழி இருந்த இடத்தைச் சீமைக்கருவேல் மூடியிருந்தது. இடுப்பளவு பள்ளமும் அதன் ஒருபக்கம் உட்கார வெட்டிய படியும் மட்டும் தெரிந்தன. படி மேற்குப் பார்த்திருந்தது. கோடையில் மாலைக்குமேல் காற்று கிழக்கிலிருந்து வருமே, அவ்வாறாயின் விலங்கு மோப்பம் பிடித்துவிடாதா என்று வினவினோம். கிழக்குக் காற்றிற்கு வேறு குழி உண்டு என்று கரையின் மறுபுறத்தைக் காட்டினார் மாணவர்.